கல்லில் இல்லாத தொடர்

நுழையும்முன்

மறைந்தவர் பெயரைக் கல்லில் பொறித்து வைப்பது உலக மக்கள் பலருக்கும் பொதுவான வழக்கம். அக்கல் அன்பின் அடையாளம். வரலாற்றுச் சான்றும் ஆகும். சான்றைக் கண்ணால் கண்டு படிப்பவர் சிலர். பிறர் சொல்லக் கேட்பவர் பலர். கேட்ட செய்தியும் கல்லில் உள்ள செய்தியும் வேறுபடும்போது நாம் எதனைக் கொள்வது? திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் துயிலும் ஆக்ஸ்போர்டு நகரக் கல்லறைத் தோட்டத்தின் வழியாக இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

கல்லும் சொல்லும்

கல்லில் பெயர் பொறிக்கும் மரபு தமிழருக்குப் புதியதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவனுடைய பெயரையும் பெருமையையும் எழுதினர் நம் முன்னோர். நடுகல் அமைக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என வரிசைப்படுத்திக் கூறுகிறது தொல்காப்பியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் இம்மரபின் பழைமையை மெய்ப்பிக்கின்றன.

நடுகல் பேசும் சொற்கள் மிகக் குறைவு. ஊர், பெயர், வீழ்ந்த காரணம் என ஒன்றிரண்டு வரிகளே இருக்கும். எனினும் அவ்வரிகளை ஆய்வாளர் எழுத்தெழுத்தாகப் படிக்கின்றனர். கல்லில் இருப்பதை மட்டுமே கல்லின் கூற்றாகக் கொள்ள வேண்டும். இல்லாததைக் கல்லின்மீது ஏற்றக் கூடாது என்பது அவர்கள் கைக்கொள்ளும் நெறி. வயல்வெளியில் நிற்கும் நடுகல்லுக்கு மட்டுமன்றி, கடல் கடந்த நாட்டில் உள்ள கல்லறைக்கும் இந்நெறி பொருந்தும்.

ஒரு நகரின் கல்லறைத் தோட்டம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, பல நூற்றாண்டுகளாகப் பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற நகரம். அங்கு இறந்தவர்களை அவரவர் பங்குத் தேவாலயத்தை ஒட்டிய நிலத்தில் அடக்கம் செய்வதே பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகியது. வாந்திபேதி நோயும் நகரைத் தாக்கியது. சிறிய தேவாலய நிலங்களில் இனி இடமில்லை என்ற நிலை வந்தது. நெருக்கமான குடியிருப்புகளின் நடுவே அடக்கம் செய்வது உடல்நலத்திற்குக் கேடு என்ற எண்ணமும் வலுப்பெற்றது. எனவே 1848ஆம் ஆண்டில் நகரின் பழைய எல்லைக்கு வெளியே புதிய கல்லறைத் தோட்டங்கள் உருவாயின. அவற்றுள் ஒன்று, வால்டன் தெருவை ஒட்டி ஜெரிகோ என்னும் பகுதியில் அமைந்த தூய செபல்கர் கல்லறைத் தோட்டம். நான்கு பங்குகளைச் சேர்ந்த மக்களுக்காக அது திறக்கப்பட்டது.

பேராசிரியரும் கடைக்காரரும், அச்சகத் தொழிலாளரும் கல்லூரித் தலைவரும் அத்தோட்டத்தில் அருகருகே துயில்கின்றனர். வாழ்ந்தபோது வெவ்வேறு வாயில்களின் வழியே நடந்தவர்களை ஒரே வாயிலுக்குள் சேர்த்துவைத்த இடம் அது. இன்று அங்குப் புதிய அடக்கங்கள் நிகழ்வதில்லை. மரங்கள் சூழ்ந்த அந்தத் தோட்டத்தை அன்பர் குழு ஒன்று பேணி வருகிறது. கல்லறைகளில் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து, அங்குத் துயில்வோரின் வாழ்க்கை வரலாற்றையும் அக்குழுவினர் தொகுத்துள்ளனர்.

அங்குத் துயில்வோர்

அத்தோட்டத்தில் உள்ளவர்களுள் சிலரை அறிந்துகொள்வது, போப் எத்தகைய அறிஞர் சூழலில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பதை உணர உதவும்.

தாமஸ் கூம் (1796 – 1872) பல்கலைக்கழக அச்சகத்தை நடத்தியவர். வால்டன் தெருவில்தான் அவ்வச்சகமும் இருக்கிறது. லூயிஸ் கரோல் எழுதிய, அற்புத உலகில் ஆலிஸ் உலவும் கதையின் முதல் அச்சு 1865இல் அங்குதான் உருவாயிற்று. படங்களின் அச்சு மனநிறைவளிக்கவில்லை என்று ஓவியர் கூறியதால் அப்பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. கூம் ஓவியர்களைப் புரந்தவர். அச்சகத் தொழிலாளர் வாழ்ந்த ஜெரிகோ பகுதியில் தம் பொருட்செலவில் தேவாலயம் எழுப்பியவர்.

ஹென்றி ஜான் ஸ்டீபன் ஸ்மித் (1826 – 1883) கணிதப் பேராசிரியர். எண்கோட்பாட்டில் ஒரு சிக்கலுக்குத் தீர்வு காண்போருக்குப் பாரிசு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அத்தீர்வை எட்டியிருந்தவர் ஸ்மித். பரிசு முடிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி என்னும் பதினெட்டு வயது மாணவர்.

தாமஸ் ஹில் கிரீன் (1836 – 1882) மெய்யியல் பேராசிரியர். அறிவு வகுப்பறைக்குள் அடங்கிவிடக் கூடாது என்று கருதி, நகர மன்றத்தில் உறுப்பினராகி, நகர மாணவர்களுக்கான பள்ளி உருவாகத் துணைநின்றவர்.

பெஞ்சமின் ஜோவெட் (1817 – 1893) கிரேக்க மொழிப் பேராசிரியர். பேலியல் கல்லூரியின் தலைவர். பிளேட்டோவின் உரையாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வு பெற்ற இளைஞர்கள் தம் கல்லூரியில் தங்கிப் பயில வழிசெய்தவர். இவருக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்க் காண்போம்.

போப் நடந்த வழி

ஜார்ஜ் உக்லோ போப் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இன்றைய கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்துடன் இங்கிலாந்துக்குச் சென்றார். சமயப் பணிக்காகத் தமிழ்நாட்டுக்குச் செல்ல விரும்பிய அவர், அங்கிருந்தபோதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1839இல் சென்னைக்கு வந்த அவர் இராமாநுசக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள சாயர்புரத்திலும், பின்னர்த் தஞ்சாவூரிலும் உதகமண்டலத்திலும் பெங்களூரிலும் கல்விப் பணி ஆற்றினார். மாணவர்களுக்காகத் தமிழ் இலக்கண நூல்களை எழுதினார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியாவில் வாழ்ந்தபின் இங்கிலாந்து திரும்பினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு கொள்ள வேண்டிய அவ்வயதில்தான் அவருடைய பெரும்பணிகள் நிறைவேறின. 1884இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு மொழிகளுக்கு விரிவுரையாளர் ஆனார். பேலியல் கல்லூரியின் ஆலய குருவாகவும் விளங்கினார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் மொழிபெயர்ப்பு 1893இலும், திருவாசக மொழிபெயர்ப்பு 1900இலும் வெளிவந்தன. இவற்றுள் பின்னைய இரண்டும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடுகள். மொழிபெயர்ப்போடு தமிழ் மூலமும் அவற்றில் இடம்பெற்றது. தாமஸ் கூம் ஒருகாலத்தில் நடத்திய அவ்வச்சகத்தில் மணிவாசகரின் தமிழ் எழுத்துகள் அச்சேறின என்பது எண்ணி மகிழத்தக்கது.

------------------------------
தெரிந்து தெளிவோம்

போப் – கால வரிசை
1820 – பிறப்பு
1837 – முதல் தமிழ்ப் பாடம்
1839 – சென்னை வருகை
1884 – ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக விரிவுரையாளர்
1886 – திருக்குறள் மொழிபெயர்ப்பு
1893 – நாலடியார் மொழிபெயர்ப்பு
1900 – திருவாசக மொழிபெயர்ப்பு
1906 – அரச ஆசியக் கழகத்தின் தங்கப் பதக்கம்
1908 – மறைவு
1968 – இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலை
------------------------------

இரவு உலாவில் ஓர் உரையாடல்

திருவாசக மொழிபெயர்ப்பு பிறந்த கதையைப் போப் அந்நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஓர் இரவு பேலியல் கல்லூரி முற்றத்தில் ஜோவெட்டும் அவரும் உலவிக்கொண்டிருந்தனர். பேச்சு தமிழ்க் கதைகளையும் பாடல்களையும் மெய்யியலையும் பற்றி வளர்ந்தது. போப் கூறியவற்றை ஆர்வத்துடன் கேட்ட ஜோவெட், அவற்றை நூலாக அச்சிட வேண்டும் என்று வற்புறுத்தினார். போப் தயங்கினார். அது நெடுங்காலம் பிடிக்கும் பணி. தமக்கோ சாவா வரம் ஒன்றும் இல்லை என்றார். நண்பரின் தோளில் கைவைத்த ஜோவெட், பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீடு வாழும் வழி என்றும், அதனை முடிக்கும்வரை நீர் வாழ்வீர் என்றும் கூறினார்.

பிளேட்டோவை மொழிபெயர்த்த ஒருவர், மாணிக்கவாசகரை மொழிபெயர்க்குமாறு மற்றொருவரைத் தூண்டிய இக்காட்சி நம் நெஞ்சில் நிற்கத்தக்கது. ஜோவெட் 1893இல் மறைந்தார். அந்நூல் முற்றுப்பெற்றதை அவர் காணவில்லை. போப்போ நூலை முடித்தபின்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்த அவரும் தூய செபல்கர் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். கல்லூரி முற்றத்தில் உடன் உலவிய இருவரும் இன்று ஒரே தோட்டத்தில் துயில்கின்றனர்.

கல்லில் இருப்பது

போப்பின் கல்லறையைப் பற்றித் தமிழ்நாட்டில் பரவலாகக் கூறப்படும் செய்தி ஒன்று உண்டு. தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்க வேண்டும் என அவர் விரும்பினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் மேடைகளில் பேசுவர், நூல்களிலும் எழுதுவர். கேட்போர் உள்ளம் நெகிழும் செய்தி அது. ஆனால் அக்கல்லை நேரில் படித்தால் அத்தொடர் அதில் இல்லை என்பது புலனாகும்.

அக்கல்லில் இருப்பது என்ன? ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ள அவ்வெழுத்துகள் முதலில் அவர் பெயரையும் பட்டத்தையும் கூறுகின்றன. அடுத்து, அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்கின்றன. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் ஆலய குருவாகவும் பணியாற்றியதைச் சொல்கின்றன. பிறந்த நாளையும் மறைந்த நாளையும் தருகின்றன. கீழைநாட்டு இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் வாழ்நாள் முழுவதும் அவர் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் இக்கல்லை அமைத்தனர் என்று முடிக்கின்றன.

இச்சொற்களை மேலோட்டமாகப் படித்தால் இவை வெறும் விவரங்களாகத் தோன்றும். ஊன்றிப் படித்தால் இரண்டு செய்திகள் நம்மை வியக்கச் செய்யும்.

முதலாவது, தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்னும் குறிப்பு. அவர் பிறந்தது கனடாவில். வளர்ந்ததும் மறைந்ததும் இங்கிலாந்தில். கல்லோ அவ்விரு நாடுகளையும் அவருக்கு உரிமையாக்கவில்லை. அவர் உழைத்த நிலத்தையே அவருடைய ஊராக்கியது. பிறப்பால் வாய்ப்பது ஓர் ஊர். பணியால் அமைவது மற்றோர் ஊர். போப்பின் பெயரோடு சேர்த்துச் சொல்லத்தக்க ஊர் எது என்பதில் கல்லமைத்தவர்களுக்கு ஐயமே எழவில்லை.

இரண்டாவது, தமிழ் நண்பர்கள் என்னும் குறிப்பு. அக்கல் ஆக்ஸ்போர்டில் நிற்பினும் அதனை நாட்டியவர்களுள் தமிழரும் உளர். ஒருவர் மறைந்தால் கல் நடுவது அவருடைய சுற்றத்தாரின் கடமை. தம் நாட்டை விட்டுச் சென்று ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த ஒருவருக்காகத் தமிழர் அச்சுற்றத்துள் தம்மையும் சேர்த்துக்கொண்டனர். குடும்பத்தாரும் அவர்களைச் சேர்த்துக்கொண்டனர். 'தமிழ் மாணவன்' என்னும் தொடர் ஒருவர் தம்மைப்பற்றிக் கூறிக்கொள்வது. 'தமிழ் நண்பர்கள்' என்னும் தொடரோ, அவர்மீது பிறர் கொண்ட அன்புக்குச் சான்று. இவற்றுள் எது பெரிது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்லில் இல்லாத தொடர்

அவ்வாறாயின், 'தமிழ் மாணவன்' என்பது முற்றிலும் பொருந்தாத தொடரா? அன்று. அது கல்லில் இல்லை. அவருடைய வாழ்வில் இருக்கிறது. அதற்கான சான்றும் அவர் கையாலேயே எழுதப்பட்டுள்ளது.

திருவாசக முன்னுரையில் போப் 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் என்று தேதியிட்டுள்ளார். அன்று அவருக்கு எண்பது வயது நிறைந்தது. குறிப்புகளைப் பார்த்து, தாம் முதல் தமிழ்ப் பாடம் கற்ற ஆண்டு 1837 என்று அம்முன்னுரையில் குறிக்கிறார். பதினேழு வயதில் தொடங்கிய பயிற்சி எண்பதாம் வயதிலும் தொடர்ந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் முதல் பாடத்தின் ஆண்டைத் தேடிப் பார்த்துக் குறித்துவைப்பவர் மாணவரே அல்லரோ? பதினோராம் வகுப்பில் பயிலும் உங்கள் அகவையில்தான் அவர் தமிழின் முதல் எழுத்தைக் கற்றார் என்பதை இங்கு நினைத்துப் பாருங்கள்.

எனவே போப்பைப் 'தமிழ் மாணவர்' என்று நாம் அழைப்பதில் பிழையில்லை. அவ்வாறு கல்லில் எழுதியிருக்கிறது என்று கூறுவதே பிழை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம், ஆயினும் பொருட்படுத்தத்தக்கது. நம் மொழியின் பெருமையை உலகிற்கு எடுத்துரைக்கும்போது நாம் காட்டும் சான்று ஒவ்வொன்றும் ஆய்வுக்கு உட்படும். ஒரு சான்று பொய்த்தால், அதனோடு சேர்த்துச் சொன்ன மெய்களையும் கேட்பவர் ஐயுறுவர். போப்பின் மூன்று மொழிபெயர்ப்புகளும் மெய். அறுபத்து மூன்று ஆண்டுப் பயிற்சி மெய். தமிழ் நண்பர்கள் சேர்ந்து நாட்டிய கல்லும் மெய். இத்துணை மெய்கள் இருக்க, இல்லாத தொடரின் துணை அவருக்குத் தேவையில்லை.

நம் ஊர்க் கற்கள்

கல்லைப் படிக்க ஆக்ஸ்போர்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள தூய மரியன்னை தேவாலய வளாகத்தில் பழைய கல்லறைக் கற்கள் தரையில் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவை முதலில் அங்கு இருந்தவை அல்ல. இன்றைய உயர்நீதிமன்றத்தை அடுத்த முன்னாள் சட்டக் கல்லூரி வளாகமே அன்றைய இடுகாடு. 1758 – 59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. ஆதலால் போருக்குப்பின் அக்கல்லறைகள் அகற்றப்பட்டன. அவற்றின் கற்கள் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டன. பெயர் இருக்கும் இடத்தில் உடல் இல்லை. உடல் இருந்த இடத்தில் பெயர் இல்லை. அவ்விடுகாட்டின் எச்சமாகச் சட்டக் கல்லூரி வளாகத்தில் நின்ற நினைவுக்கூம்பு, ஆளுநர் எலிகு ஏலின் இளமகன் டேவிட்டையும் ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரையும் நினைவுகூர்வது.

பாரிமுனையை அடுத்த ஆர்மீனியன் தெருவில் உள்ள ஆர்மீனியத் தேவாலயத்தில் ஹருத்தியுன் ஷமாவோனியன் துயில்கிறார். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது சென்னையில்தான். அதன் ஆசிரியர் அவர். தமிழ் நூல் ஆக்ஸ்போர்டில் அச்சேறியது போல, ஆர்மீனிய இதழ் சென்னையில் அச்சேறியது. ஒரு மொழியின் வரலாறு அதன் சொந்த மண்ணில் மட்டும் எழுதப்படுவதில்லை என்பதை இவ்விரு கல்லறைகளும் உணர்த்துகின்றன.

கல்லைப் படிப்போர் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். கல்லில் எழுதியிருப்பது என்ன? அதனை நாட்டியவர் யார்? நாம் கேட்ட செய்திகளுள் எவை அதில் இல்லை? முதல் வினா மறைந்தவரை அறிமுகப்படுத்தும். இரண்டாம் வினா அவரை நேசித்தவர்களைக் காட்டும். மூன்றாம் வினா நம்மை நாமே திருத்திக்கொள்ளத் துணைசெய்யும். வால்டன் தெருக் கல்லறைத் தோட்டத்தில் போப்பின் கல்முன் நிற்கும் தமிழர், தாம் தேடி வந்த தொடரைக் காணாமல் ஒரு கணம் திகைக்கலாம். பின்னர்த் தம் முன்னோரைத் 'தமிழ் நண்பர்கள்' என்று அக்கல் அழைப்பதைப் படிக்கும்போது, தேடி வந்ததைவிடப் பெரிய ஒன்றைப் பெற்றவராகத் திரும்புவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள நடுகல், கல்வெட்டு, நினைவுத்தூண், கல்லறை ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு, அதில் உள்ள எழுத்துகளை உள்ளவாறே படியெடுத்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.

2. அதைப்பற்றி ஊர்மக்கள் கூறும் செய்திகளைத் தொகுக்க. கல்லில் உள்ளவை, கல்லில் இல்லாதவை என இரு பட்டியல்களாகப் பிரித்துக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. தொல்காப்பியம் கூறும் நடுகல் அமைக்கும் முறைகள் யாவை?
2. ஆக்ஸ்போர்டு நகரில் 1848இல் புதிய கல்லறைத் தோட்டங்கள் தோன்றக் காரணங்கள் யாவை?
3. தூய மரியன்னை தேவாலய வளாகத்துக் கல்லறைக் கற்கள் அங்கு எவ்வாறு வந்தன?

சிறுவினா

1. திருவாசக மொழிபெயர்ப்பு உருவாவதற்கு ஜோவெட் எவ்வாறு தூண்டுகோலாக இருந்தார்?
2. போப்பின் கல்லறை எழுத்துகள் உணர்த்தும் இரு செய்திகளை விளக்குக.

நெடுவினா

"மொழிப்பற்றும் சான்றுப்பற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல" – கட்டுரையின் கருத்துகள்வழி நிறுவுக.